மூன்று குரல்கள், ஒரு பள்ளத்தாக்கு: பாட்டுத் தேடி அலைந்த ஏ. பி. கார்ட்டர்

1927 ஜூலை மாதத்தின் கடைசி நாள். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மலையடிவாரக் கிராமமொன்றிலிருந்து ஒரு பழைய கார் புறப்படுகிறது. காரில் ஒரு கணவன், மனைவி, அவர்களின் எட்டு வயது மகள், பால்குடி மறவாத ஆண்குழந்தை. அவர்களுடன் பிரசவத்துக்கு இரண்டு மாதமும் இல்லாத பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. அவள் கணவனின் தம்பி மனைவி. மடியில் ஒரு கிற்றார்.

கார் அவர்களுடையது அல்ல, தம்பியினுடையது. அதை இரவல் வாங்குவதற்காகத் தம்பியின் சோளத் தோட்டத்தில் களை பிடுங்கித் தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். போகவேண்டிய தூரம் நாற்பது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் பாதை கரடுமுரடு, வெயில் கொளுத்தியது, இடையில் ரயர் வெடித்தது. பிரிஸ்டல் நகரத்தை அடைய நாளின் பெரும்பகுதி போய்விட்டது.

அடுத்த நாள் அந்த நகரில், தொப்பிக் கொம்பனி ஒன்றின் பழைய கட்டடத்தில், மூவரும் ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார்கள். இரண்டு நாட்களில் ஆறு பாடல்கள் பதிவாகின. அமெரிக்காவின் கன்ட்ரி இசை என்று இன்று உலகம் அறிந்திருக்கும் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த இரண்டு நாட்களைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. பலர் சேர்ந்து குரல் இணைத்துப் பாடும் முறைக்கு அந்த இசையில் அடித்தளம் போட்டவர்கள் அந்த மூவர்: சாரா கார்ட்டர், மேபெல் கார்ட்டர், அவர்களை அங்கே கூட்டிச்சென்ற அல்வின் பிளெசன்ட் கார்ட்டர். ஊரில் அவரை எல்லோரும் ஏ. பி. என்றும் பிளெசன்ட் என்றும் அழைத்தார்கள்.

மூவரில் மிகக் குறைவாகப் பாடியவர் அவர்தான். ஆனாலும் இந்தக் கதை அவருடையது. மறைந்துகொண்டிருந்த ஒரு ஊரின் பாடல்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர் அவர். அந்தப் பாடல்களுக்காக அவர் கொடுத்த விலையும், அவருக்காக மற்றவர்கள் கொடுத்த விலையும் இசைத்தட்டுகளில் எழுதப்படவில்லை.

ஏழைப் பள்ளத்தாக்கின் பிள்ளை

அந்த நிலப்பகுதியின் பெயரே அதன் நிலையைச் சொல்லும். கிளிஞ்ச் மலையின் ஒரு பக்கம் ஏழைப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் வளமான பள்ளத்தாக்கு. 1891 டிசம்பர் 15 அன்று ஏழைப் பள்ளத்தாக்கின் மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் ஏ. பி. பிறந்தார். மண் மெலிந்தது, தட்டையான நிலம் குறைவு. சோளம் போடுவார்கள், மரம் அரிவார்கள், பன்றியும் கோழியும் வளர்ப்பார்கள். காசு கண்ணில் படுவது அரிது.

பிறப்பிலிருந்தே அவருடைய கைகள் நடுங்கின. குரலிலும் அந்த நடுக்கம் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது தாயின் அருகில் மின்னல் விழுந்ததுதான் காரணம் என்று குடும்பத்தில் நம்பினார்கள். அந்த நடுக்கத்தால் அவர் வயலினிலும் பெரிதாகத் தேறவில்லை, பள்ளிக்கூடத்திலும் நிலைக்கவில்லை. ஓரிடத்தில் இருக்கமுடியாத மனிதராக வளர்ந்தார். மணிக்கணக்காக நடப்பார், எதையோ யோசித்துக்கொண்டே புகையிரதப் பாதையோரமாகப் போவார்.

பாட்டு அவருக்கு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, தாய். கடலுக்கு அப்பால் பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பழைய கதைப்பாடல்கள் தாயின் வாயில் இருந்தன. மற்றது, தேவாலயம். அவருடைய தாய்மாமன் ஃபிளாண்டர்ஸ் பேய்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு வகுப்பு நடத்துபவர். அந்த மலைநாட்டில் இசை படிக்காத சனங்களுக்குக் குரலிணைப்பைச் சொல்லிக்கொடுக்க ஓர் எளிய வழி இருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு வடிவம். முக்கோணம், சதுரம், வட்டம் என்று தாளில் இருக்கும் வடிவத்தைப் பார்த்தே எந்தச் சுரம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு கிழமை, இரண்டு கிழமை வகுப்புக்குப் போன கமக்காரர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை நான்கு குரல்களாகப் பிரிந்து பாடுவார்கள். கார்ட்டர் குடும்பத்தின் பிற்காலப் பாட்டுமுறைக்கு அந்த மர பெஞ்சுகள்தான் முதற் பள்ளி.

இருபதுக்கு அண்மித்த வயதில் வேலை தேடி இந்தியானா மாநிலத்துக்குப் போய் புகையிரதப் பாதை வேலையில் சேர்ந்தார். நெருப்புக்காய்ச்சலோடு வீடு திரும்பினார். பிறகு பழமரக் கன்றுகள் விற்கும் தொழில். கன்றுகளின் பெயர்ப் பட்டியலோடு மலை கடந்து வளமான பள்ளத்தாக்குக்குப் போனபோதுதான் சாராவைக் கண்டார்.

சாரா டோகர்ட்டி சிறுவயதில் தாயை இழந்து, மாமா மாமி வீட்டில் வளர்ந்தவர். ஏ. பி. அந்த வீட்டுக்குப் போன நேரம் அவர் ஒட்டோஹாப் என்ற வாத்தியத்தை மீட்டிப் பாடிக்கொண்டிருந்ததாகக் குடும்பக் கதை சொல்கிறது. பொத்தானை அழுத்திக்கொண்டு தந்திகளை வருடினால் சுரக்கூட்டு எழும் பெட்டி அது. அன்று அவர் பாடியது புகையிரத விபத்தொன்றில் இறந்த ஓட்டுநரைப் பற்றிய பாட்டு. சாராவின் குரல் பெண்குரல்களில் தாழ்ந்த வகை, கனமானது. உணர்ச்சியைக் கொட்டிக் காட்டாமல் நேரே பாடும் குரல். 1915 ஜூன் 18 அன்று இருவரும் திருமணம் செய்தார்கள். ஏ. பி. அவரை மலை கடத்தி ஏழைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிவந்தார்.

குரல்கள் சேர்ந்த விதம்

1926இல் ஏ. பி.யின் தம்பி எஸ்ரா, சாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேபெல் அடிங்டனைத் திருமணம் செய்தார். இப்படியாக இரண்டு சகோதரர்களின் வீடுகளில் இரண்டு சகோதரிகள் வாழவந்தார்கள். மேபெல் அப்போது பதினாறு வயதுப் பெண். ஆனால் கிற்றாரில் அவருக்கு ஒரு தனிவழி இருந்தது. பெருவிரலால் கீழ்ச்சுரத் தந்திகளில் பாட்டின் மெட்டை வாசிப்பார். அதே நேரம் மற்ற விரல்களால் மேல்தந்திகளை வருடித் தாளம் போடுவார். ஒரே கிற்றார் இரண்டு ஆட்கள் வாசிப்பதுபோல் கேட்கும். அதுவரை பின்னால் தாளத்துக்கு மட்டும் நின்ற கிற்றாரை முன்னால் கொண்டுவந்த முறை அது. இன்றும் கிற்றார் பழகுகிற பிள்ளைகள் அதைக் கார்ட்டர் குடும்பத்தின் பெயராலேயே படிக்கிறார்கள்.

குரலிணைப்பு என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லவேண்டும். நமது மரபிசையில் பலர் சேர்ந்து பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுவார்கள். குரலிணைப்பில் வார்த்தைகள் ஒன்று, நேரம் ஒன்று, ஆனால் ஆளுக்கொரு சுரம். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்கு மேலோ கீழோ குறிப்பிட்ட இடைவெளியில் கூடவே போவார். தேவாலயப் பாடகர் குழுக்களைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

கார்ட்டர் குடும்பத்தில் மெட்டு சாராவுடையது. மேபெல் அதற்குத் துணைக்குரல். ஏ. பி. அடிக்குரல். இந்த ஒழுங்கே அக்காலத்துக்குப் புதுமை. மலைநாட்டு இசைக்குழுக்களில் அப்போது வாத்தியமும் ஆண்களும் முன்னால் இருப்பார்கள், பாட்டு இடையில் வந்துபோகும். இங்கே இரண்டு பெண்கள் பாட்டை நடத்துகிறார்கள், வாத்தியம் அவர்களுக்கு வழிவிடுகிறது, வார்த்தை தெளிவாகக் கேட்கிறது. ஏ. பி. நினைத்த இடத்தில் உள்ளே வருவார், நினைத்த இடத்தில் நின்றுவிடுவார். சில பாடல்களில் அவருடைய குரலே இல்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே யன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஆனால் அவர் உள்ளே வரும்போது அந்த நடுங்கும் அடிக்குரல் பாட்டுக்கு ஒரு வீட்டுத்தன்மையைக் கொடுத்தது. மேடைக்காகப் பயிற்சி எடுத்த மூவர் என்று யாருக்கும் தோன்றாது. வேலை முடிந்து விறாந்தையில் இருந்து பாடும் குடும்பம் என்றே தோன்றும்.

ஆறு பாடல்கள்

விக்டர் என்ற பெரிய இசைத்தட்டுக் கொம்பனிக்காக றால்ஃப் பியர் என்பவர் 1927 கோடையில் பிரிஸ்டலுக்கு வந்திருந்தார். வேர்ஜீனியா, டெனசி மாநிலங்களின் எல்லைக்கோடு அந்நகரின் பிரதான வீதியின் நடுவே போகிறது. மலைநாட்டுச் சனங்களின் இசைக்குச் சந்தை இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அந்தப் பகுதியைச் சேர்ந்த ஏர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்தைய ஆண்டில் இசைத்தட்டுகளால் 3,600 டொலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கமம் செய்பவர்கள் கண்ணால் காணாத தொகை. வாத்தியத்தோடு மலையிறங்கியவர்கள் பலர்.

ஓகஸ்ட் 1ஆம் திகதி கார்ட்டர்கள் நான்கு பாடல்கள் பாடினார்கள். சாராவின் குரலைக் கேட்டவுடனேயே பியருக்கு முடிவு தெரிந்துவிட்டது. அடுத்த நாள் சாராவும் மேபெலும் மட்டும் வந்து இன்னும் இரண்டு பாடினார்கள், ஏ. பி. வரவில்லை. அவற்றில் ஒன்று, தனிப்பெண்ணின் சுதந்திரத்தையும் மணமான பெண்ணின் சுமையையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் பாட்டு. சாராவுக்கு அதைப் பாட விருப்பமில்லை. பியர் வற்புறுத்திப் பாடவைத்தார். இசைத்தட்டாக வந்தபோது நன்றாக விற்ற பாடல்களில் அதுவும் ஒன்று.

ஒரு பாட்டுக்கு 50 டொலர். முந்நூறு டொலரோடு வீடு திரும்பிய ஏ. பி., சொன்ன சொல் தவறாமல் தம்பியின் தோட்டத்தில் களை பிடுங்கியிருப்பார் என்று நம்பலாம். மேபெலின் மூத்த மகள் ஹெலன் அடுத்த மாதம் பிறந்தாள்.

1928 மே மாதம் அவர்களை நியூ ஜேர்சியின் கம்டன் நகரிலிருந்த தலைமை ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கொம்பனி அழைத்தது. அங்கே பதிவான பாடல்கள்தான் அவர்களை நாடறிந்தவர்களாக்கின. 1930 முடியும் முன் சுமார் 3 இலட்சம் இசைத்தட்டுகள் விற்றன. அனாதைப் பிள்ளை, வீடு விட்டுப்போன மகன், கடலுக்கு அப்பால் பிரியும் காதலன், தாயின் சவ ஊர்வலம் ஆகியவையே அவர்களின் பாடுபொருள். பிரிவும் சாவும் நிறைந்த பாடல்கள், ஆனால் அழுது பாடப்பட்டவை அல்ல. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடக்கூடிய மாதிரி நிதானமாகப் பாடப்பட்டவை. சனங்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பாடல்களாக எடுத்துக்கொண்டதற்கு அந்த நிதானமும் ஒரு காரணம்.

பாட்டுத் தேடிப் போன இருவர்

கொம்பனிக்கு ஒவ்வொரு முறையும் புதிய பாடல்கள் வேண்டும். அதாவது, உரிமை பதிவுசெய்யக்கூடிய பாடல்கள். பியரின் சொந்த வருமானமே அந்தப் பதிப்புரிமையில்தான் இருந்தது. எனவே ஏ. பி. தேடப் புறப்பட்டார். நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். மலைக் குடிசைகளின் கதவைத் தட்டுவார். இங்கே யாருக்குப் பழைய பாட்டுத் தெரியும் என்று விசாரிப்பார். கிழவிகளின் முன்னால் இருந்து கேட்டு, கிடைத்த கடதாசித் துண்டில் வார்த்தைகளை எழுதுவார். சுரங்கத் தொழிலாளர், மரம் அரிப்பவர், போதகர் என்று எவரையும் விடமாட்டார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. வார்த்தைகளை எழுதிக்கொள்ளலாம், மெட்டை அவரால் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் லெஸ்லி ரிடில் வருகிறார்.

லெஸ்லி ரிடில் 1905இல் வட கரோலைனாவில் பிறந்த கறுப்பினத்தவர். டெனசியின் கிங்ஸ்போர்ட் நகரில் வாழ்ந்தார். சீமெந்துத் தொழிற்சாலை விபத்தில் ஒரு காலை இழந்தார். நடமாட்டம் குறைந்த அந்த நாட்களில் கிற்றாரே துணையாகியது. பிறகு ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கி, அந்நகரின் கறுப்பின இசைக்கலைஞர்கள் மத்தியில் பெயரெடுத்தார். ஏ. பி. அவரைச் சந்தித்தது அந்த வட்டத்தில்தான். ஒருமுறை கேட்ட மெட்டை ரிடில் மறக்கமாட்டார். எனவே ஏ. பி. வார்த்தைகளை எழுத, ரிடில் மெட்டை மனதில் பிடித்துவைப்பார். வீடு திரும்பி சாராவுக்கும் மேபெலுக்கும் அதைப் பாடிக்காட்டுவார்.

நிறத்தால் மனிதரைப் பிரிப்பது சட்டமாக இருந்த தென்மாநிலங்கள் அவை. பள்ளிக்கூடம், உணவகம், புகையிரதப் பெட்டி எல்லாம் வேறு வேறு. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரரும் ஒற்றைக் காலோடு ஒரு கறுப்பினத்தவரும் ஒன்றாக ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் போனார்கள். ரிடில் ஏ. பி.யின் வீட்டில் நாட்கணக்கில் தங்குவார். அவர் வாசிப்பதைப் பார்த்து மேபெலும் கற்றுக்கொண்டார். கார்ட்டர் குடும்பத்தின் சில புகழ்பெற்ற பாடல்கள் நேரே ரிடிலின் வாயிலிருந்து வந்தவை. கறுப்பினத் தேவாலயப் பாடல்களும் புளூஸ் பாடல்களும் வெள்ளைக்காரரின் இசை என்று விற்கப்பட்ட இசைத்தட்டுகளுக்குள் வந்த பாதைகளில் ஒன்று அதுதான்.

ஆனால் இசைத்தட்டில் ரிடிலின் பெயர் இல்லை. சேர்த்த பாடல்களெல்லாம் ஏ. பி. கார்ட்டரின் பெயரில் பதிவாகின. சிலவற்றில் அவருடைய கைவேலை நிறையவே இருந்தது. வரிகளை வெட்டினார், சேர்த்தார், பாதி மறந்துபோன பாட்டுக்கு முழு உருவம் கொடுத்தார். சிலவற்றில் மிகக் குறைவு. வெளிச்சத்தின் பக்கம் நிற்கச்சொல்லும் அவர்களின் முத்திரைப் பாட்டை 1899இல் எழுதியவர் ஏடா பிளெங்கோர்ன் என்ற பெண். ஏ. பி. அதைத் தன் மாமனிடம் கற்றார். தாயின் சவ ஊர்வலத்தைச் சொல்லும் 1935ஆம் ஆண்டுப் பதிவு, 1907இல் வெளிவந்த வேறொரு துதிப்பாடலிலிருந்து திருத்தி எடுக்கப்பட்டது. காட்டுப்பூவைப் பற்றிய பாட்டு 1860இல் அச்சான ஒரு பாட்டு. தாயிடமிருந்து மகளுக்கு வாய்வழி வந்ததில் அதன் சில வார்த்தைகள் உருமாறி அர்த்தமே இல்லாமற் போயிருந்தன. சாரா அவற்றை அப்படியே பாடினார். தாய் பாடியபடி பாடுவதுதான் சரி என்பது மலைநாட்டு வழக்கம்.

ரிடில் 1940களில் வடக்கே நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். கிற்றாரையும் கைவிட்டார். 1960களில் மைக் சீகர் என்ற இசை ஆய்வாளர் தேடிப்போய்ப் பதிவுசெய்த பிறகே அவர் யார் என்பதை வெளியுலகம் அறிந்தது. ஏ. பி. அவரை ஏமாற்றினார் என்று ரிடில் வழக்குப் போட்டதில்லை. நட்பு இருந்தது உண்மை. நட்பு இருந்த இடத்திலும் கணக்கு நேராக இருக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த மனிதரைப் பார்க்கவேண்டும்.

வீடு

ஏ. பி. பாட்டுத் தேடிப் போன நாட்களில் வீட்டில் யார் இருந்தார்கள்? சாரா. மூன்று பிள்ளைகள், விறகு, தோட்டம், மாடு, சமையல் எல்லாம் அவர் தலையில். மணமான பெண்ணின் சுமையைப் பாடிய பாட்டை அவர் ஏன் விரும்பவில்லை என்பதை ஊகிப்பது கடினமல்ல. இசைத்தட்டு விற்றாலும் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் ஆண்டுகள் அவை. ஏ. பி. வேலை தேடி டிட்ரொயிட் நகரம்வரை போனார்.

தான் இல்லாத நேரங்களில் சாராவுக்கு உதவியாக இருக்கும்படி ஏ. பி. தன் மைத்துனர் முறையான கோய் பேய்ஸிடம் சொல்லியிருந்தார். சாராவுக்கும் கோய்க்கும் இடையில் அன்பு மலர்ந்தது. சிறிய ஊர், நெருங்கிய உறவு. விடயம் தெரியவந்தபோது கோயின் பெற்றோர் மகனையும் கூட்டிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தில் காசநோயும் இருந்தது. 1933 அளவில் சாரா ஏ. பி.யின் வீட்டை விட்டு மலைக்கு அப்பால் தான் வளர்ந்த வீட்டுக்குத் திரும்பினார். பிள்ளைகள் தகப்பனோடு இருந்தார்கள். 1936இல் விவாகரத்து ஆனது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஒலிப்பதிவு நாட்களில் சாரா மலை கடந்து வருவார், ஏ. பி.யின் பக்கத்தில் நின்று பாடுவார், திரும்பிப் போவார். அந்த ஆண்டுகளின் பதிவுகளை இன்று கேட்டால் குரல்களில் ஒரு விரிசலும் தெரியாது. மூச்சு எடுக்கும் இடம்கூடப் பொருந்தி வருகிறது. வீட்டில் ஒன்றாக இருக்கமுடியாத இருவர் பாட்டுக்குள் மட்டும் ஒன்றாக இருந்தார்கள்.

எல்லை வானொலி

1938இல் அவர்களுக்கு வானொலி வாய்ப்பு வந்தது. டெக்சாஸ் எல்லையைத் தாண்டி மெக்சிக்கோ மண்ணில் நின்ற வானொலி நிலையம் அது. அமெரிக்காவுக்குள் ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வலு 50,000 வாட். எல்லைக்கு அப்பால் அந்தச் சட்டம் செல்லாது. பல மடங்கு வலுவோடு ஒலிபரப்பிய அந்த நிலையத்தை நிறுவியவர், ஆட்டின் சுரப்பிகளை மனிதருக்குப் பொருத்தி ஆண்மை தருவதாக விளம்பரம் செய்து பணம் குவித்த ஜோன் பிரிங்லி என்ற போலி வைத்தியர். அந்த மனிதரின் ஒலிக்கம்பத்திலிருந்துதான் ஏழைப் பள்ளத்தாக்கின் பாடல்கள் கனடாவரை போயின. மருந்துக் கொம்பனி ஒன்று ஆளுக்கு வாரம் 75 டொலர் சம்பளம் கொடுத்தது.

ஆர்கன்சோவின் பருத்தித் தோட்டமொன்றில் ஜோனி காஷ் என்ற சிறுவன் அந்த ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தான். பிற்காலத்தில் கன்ட்ரி இசையின் பெரும் பாடகராகி, மேபெலின் மகள் ஜூனைத் திருமணம் செய்தவர் அவர்தான்.

1939 தொடக்கத்தில் ஒரு நாள் சாரா ஒலிவாங்கியின் முன்னால், கலிபோர்னியாவில் இருக்கும் கோய் பேய்ஸுக்காக என்று சொல்லிவிட்டு ஒரு காதற்பாட்டைப் பாடினார். ஏ. பி. அந்தக் குழுவில் இருந்தார். ஆறு ஆண்டுகளாக அவர்களுக்கிடையே ஒரு தொடர்பும் இல்லை. கலிபோர்னியாவில் கோய் அதைக் கேட்டார். புறப்பட்டு டெக்சாஸ் வந்தார். 1939 பெப்ரவரி 20 அன்று அவர்களுக்குத் திருமணம் நடந்தது. ஏ. பி. அதன் பிறகும் சில ஆண்டுகள் அவர்களோடு பாடினார், ஆனால் இன்னொரு திருமணம் செய்யவில்லை.

1941இல் லைஃப் சஞ்சிகையின் புகைப்படக்காரர் பள்ளத்தாக்குக்கே வந்து குடும்பத்தைப் படமெடுத்தார். பெரிய கட்டுரையாக வரவிருந்த நேரம் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. சஞ்சிகையின் பக்கங்களைப் போர் எடுத்துக்கொண்டது, கட்டுரை வரவில்லை. 1943இல் மூவரும் பிரிந்தார்கள். சாரா கணவனோடு கலிபோர்னியாவுக்குப் போனார். மேபெல் தன் மூன்று பெண்பிள்ளைகளோடு புதிய குழு அமைத்தார். ஏ. பி. மேசஸ் ஸ்பிரிங்குக்குத் திரும்பினார்.

கடைக்காரர்

அதன் பிறகு அவர் ஒரு சில்லறைக் கடை வைத்தார். மாவும் மண்ணெண்ணெயும் வாங்க வந்த இளையவர்களில் பலருக்கு அவர் யார் என்று தெரியாது. ஏறத்தாழ 300 பாடல்களை நாட்டுக்குக் கொடுத்த குடும்பத்தின் தலைவர், நடுங்கும் கைகளோடு தராசு பிடித்துக்கொண்டு இருந்தார். நாஷ்வில் நகரில் மேபெலும் மகள்களும் 1950 முதல் நாடறிந்த வானொலி மேடையில் பாடினார்கள். அவருக்கு அழைப்பு வரவில்லை.

1952இல் ஏ. பி., சாரா, மகள் ஜனெட், மகன் ஜோ ஆகியோர் மீண்டும் கூடிப் பாடினார்கள். பிரிஸ்டலுக்கு மடியில் போன குழந்தைதான் அந்த ஜோ. சிறிய கொம்பனி ஒன்றுக்காக 1956 வரை பதிவுகள் நடந்தன. சந்தை அப்போது மின்கிற்றாருக்கும் புதிய இசைக்கும் மாறியிருந்தது, இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. ஆனால் பெற்றோரைப் பிரிவுக்குப் பின்னர்ப் பக்கத்தில் நின்று பாடக் கண்ட பிள்ளைகளுக்கு அந்தப் பதிவுகளின் பெறுமதி விற்பனைக் கணக்கில் அடங்காது.

1960 நவம்பர் 7 அன்று ஏ. பி. இறந்தார். பள்ளத்தாக்கின் சிறிய தேவாலயத்தின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பெரிய பத்திரிகைகள் கவனிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் நாட்டார் இசையின் மறுமலர்ச்சி எழுந்தபோது, கல்லூரி மாணவர்கள் அவர் சேர்த்த பாடல்களைத்தான் தேடிப் பாடினார்கள். வூடி கத்ரி அதற்கு முன்பே கார்ட்டர் குடும்ப மெட்டொன்றை எடுத்து, அமெரிக்கர் அனைவரும் அறிந்த தேசப்பாட்டொன்றை அமைத்திருந்தார். சகோதரர்கள் இருவராகக் குரல் இணைத்துப் பாடிய பிற்காலக் குழுக்களும் அந்த மூவர் திறந்த வழியில் நடந்தவைதான். 1970இல் கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதற் குழு கார்ட்டர் குடும்பம். ஏ. பி. அதைக் காணவில்லை.

இறக்குமுன் அவர் மகள் ஜனெட்டிடம் ஒரு வாக்குக் கேட்டிருந்தார்: இந்தப் பாடல்களை அழியவிடக்கூடாது. ஜனெட் மிகப் பெரிய பாடகி அல்ல, கையில் காசும் இல்லை. 1974இல் தகப்பனின் பழைய கடையிலேயே சனிக்கிழமை இசைக்கூட்டங்களைத் தொடங்கினார். சனம் நிறைந்து இடம் போதாமற் போனதும் பக்கத்தில் ஒரு கூடத்தைக் கட்டினார்கள். அங்கே மின்வாத்தியம் கிடையாது, மதுவும் கிடையாது. ஜோனி காஷுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். தன் மனைவி ஜூன் இறந்த இரண்டு மாதத்துக்குள், 2003 ஜூலையில், அவர் கடைசியாகப் பொதுவெளியில் பாடியது அந்தக் கூடத்தில்தான்.

சாரா 1979 ஜனவரியில் கலிபோர்னியாவில் இறந்தார். நாட்டின் மறுகரையிலிருந்து அவருடைய உடலை ஏழைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து, ஏ. பி. அடக்கப்பட்ட அதே மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

உறவுகளின் குரலை ஒரு ஒலிநாடாவிலாவது வைத்திருக்க முடியாமற் போன குடும்பங்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஏ. பி. கதவு தட்டிய வீடுகளில் இருந்த கிழவிகள் பலரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவர் போய்க் கேட்டிராவிட்டால் அவர்களின் பாட்டுகளும் அவர்களோடு போயிருக்கும். போய்க் கேட்டவர் தன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார் என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. பாட்டைச் சேர்க்கப் போகிறவர், பாட்டோடு சேர்த்துப் பாடியவரின் பெயரையும் ஊரையும் அதே தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். அந்த நடுங்கும் கையில் பென்சில் இருந்தது, தாளிலும் இடமிருந்தது. எழுதியிருந்தால், லெஸ்லி ரிடிலைத் தேடிக் கண்டுபிடிக்க இன்னொருவர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வடக்கே போகவேண்டி இருந்திருக்காது.